கேஸ் ஜெயிச்சாச்சு, செலவுக்காசு எப்பங்க வரும்? கோர்ட் செலவும் இடையில கிடைக்கற பணமும்: முழுமையான வழிகாட்டி

"ஏனுங்க தம்பி, செலவோட தீர்ப்புன்னு சொன்னீங்க, வக்கீலுக்கு குடுத்த காசு இதுல எங்கீங்க?"

சிவகிரி பக்கம் மஞ்சக்காடு வெச்சிருக்கற ஒருத்தர் கோர்ட் டிகிரியோட (தீர்ப்புல முடிவானத சுருக்கமா எழுதித் தர்ற உத்தரவு) நகல கையில வெச்சுட்டு இப்படி கேட்டாருங்க. ஈரோடு சம்பத் நகர் கோர்ட்டுல ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவா 19 வருஷம் ஓடிருச்சு, அந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்குது. மண்டி வியாபாரி ஒருத்தர் மஞ்சள எடுத்துட்டு 6,20,000 ரூபாய் குடுக்காம இழுத்தடிச்சாரு, கேஸ் போட்டோம், அஞ்சு வருஷம் ஆச்சு, ஜெயிச்சோம். தீர்ப்புல "செலவுத்தொகையுடன்"னு நீதிபதி எழுதியிருந்தாரு. ஆனா டிகிரிக்கு அடியில இருக்கற கட்டத்துல கோர்ட் பீஸ் 18,600 ஏறியிருக்குது, வக்காலத்து ஸ்டாம்ப் ஏறியிருக்குது, சம்மன் பேட்டா (சம்மன கொண்டு போய் குடுக்கறதுக்கு கட்டற காசு) ஏறியிருக்குது, வக்கீல் பீஸ்ங்கற இடத்துல மட்டும் ஒரு கோடு. ஏன்னா வக்கீல் வாங்குன பீஸ் எவ்வளவுன்னு காட்டற பீஸ் சர்டிபிகேட் போடவே இல்ல. அத எழுதி வக்கீல்கிட்ட கையெழுத்து வாங்கி உள்ள போட்டிருக்க வேண்டியவன் நான்தானுங்க.

அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதறேன். கேஸ் ஜெயிக்கறது எப்படின்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, ஜெயிச்சதுக்கப்பறம் செலவ கோர்ட் எப்படி கணக்கு பண்ணுது, எதிராளி அப்பீல் போனா நடுவுல நம்ம கைக்கு ஏதாவது வருமா, வந்தா எவ்வளவு, இத உக்கார வெச்சு சொல்றதுக்கு யாரும் இல்ல. நான் வக்கீல் இல்லீங்க, உங்க கேஸுக்கு உங்க வக்கீல் சொல்றதுதான் கடைசி, ஆனா அவர்கிட்ட என்ன கேக்கோணும்னு தெரிஞ்சுட்டு போனீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது

ரெண்டு தனித்தனி விஷயம் இருக்குதுங்க, எல்லாரும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. ஒண்ணு செலவுத்தொகை, அதாவது கேஸ் நடத்த நீங்க போட்ட காச தோத்தவர்கிட்ட இருந்து திருப்பி வாங்கறது. இன்னொண்ணு இடைக்காலப் பணம், அதாவது கேஸோ அப்பீலோ முழுசா முடியறதுக்குள்ளயே கோர்ட் எதிராளிய கட்டச்சொல்லி அதுல ஒரு பங்க நம்ம எடுத்துக்கறது. ரெண்டுக்கும் சட்டம் வேற, மனு வேற, கேக்கற நேரமும் வேற.

செலவுத்தொகைக்கு அடிப்படை சிவில் நடைமுறைச் சட்டம், எல்லாரும் சிபிசின்னு சொல்றது, அதுல செக்‌ஷன் 35. செலவு குடுக்கறதா வேண்டாமா, யார் குடுக்கறது, எவ்வளவு, எல்லாமே கோர்ட்டோட விருப்புரிமை. ஆனா பொது விதி என்னன்னா தோத்தவர் கட்டோணும். கட்ட வேண்டாம்னு நீதிபதி முடிவு பண்ணா அதுக்கு காரணத்த எழுத்துல சொல்லோணும், இது 35(2)லயே இருக்குது. நடைமுறையில என்ன ஆகுதுன்னா நிறைய தீர்ப்பு "செலவுத்தொகை இல்லை"ன்னு ஒரே வரியில முடிஞ்சு போயிருது, நம்மாளுகளும் ஜெயிச்ச சந்தோசத்துல அத கேக்கறதே இல்ல.

நம்ம ஊரு பேரு இந்த விஷயத்துல டெல்லி வரைக்கும் போயிருக்குதுங்க, தெரியுமா? 1999லயும் 2002லயும் சிபிசில கொண்டு வந்த திருத்தங்கள எதிர்த்து சேலம் வக்கீல் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. 2005ல வந்த தீர்ப்புல கோர்ட் செலவுத்தொகைய பத்தியும் பேசியிருக்குது. பேருக்கு ஒரு சின்ன தொகை போடறதாலதான் பொய்க்கேஸும் இழுத்தடிப்பும் பெருகுது, செலவுன்னா ஜெயிச்சவர் நியாயமா செஞ்ச உண்மையான செலவு, அதுல அவர் செலவழிச்ச நேரம், போக்குவரத்து, தங்குன செலவு எல்லாம் சேரும்னு சொல்லுச்சு. இன்னைக்கும் இந்தியாவுல எந்த கோர்ட்டுல செலவ பத்தி வாதாடினாலும் சேலம் வக்கீல் சங்க கேஸ்னு சொல்லித்தான் ஆரம்பிக்கறாங்க, அத கேக்கறப்ப எனக்கு ஒரு பெருமைதானுங்க.

ஆனா அத மட்டும் நம்பி போட்ட காசு பூராவும் வந்துரும்னு நினைச்சுராதீங்க. டெல்லில ஒரு கேஸ்ல ஹைகோர்ட் ரெண்டு பக்கமும் குடுத்த கணக்க பாத்து 45 லட்சத்துக்கு மேல செலவுத்தொகை போட்டுச்சு, அது சுப்ரீம் கோர்ட்டுக்கு போய் 2011ல என்ன ஆச்சுன்னா, ரூல்ஸ்ல எவ்வளவு அனுமதி இருக்குதோ அதுக்குள்ளதான் போட முடியும்னு சொல்லி அத ரத்து பண்ணிட்டாங்க. ரூல்ஸே ரொம்ப பழசு, நடைமுறைக்கு ஏத்த மாதிரி மாத்தோணும்னும் அதே தீர்ப்புல சொன்னாங்க. நம்ம தமிழ்நாட்டுல வக்கீல் பீஸுக்கு 1973ம் வருஷத்து விதிகள் இருக்குது, கேஸ் மதிப்ப வெச்சு ஒரு கணக்கு, அந்த கணக்குல வர்றதும் நீங்க உண்மையா குடுக்கறதும் ஒண்ணா இருக்காது. அதனால சாதாரண பண கேஸ்ல கோர்ட் பீஸ் முழுசா திரும்ப வரும், மத்த செலவு ரசீது இருந்தா வரும், வக்கீல் பீஸ் ஒரு பகுதிதான் வரும்னு மனச தயார் பண்ணிக்கோங்க.

படி 1: கேஸ் போடறதுக்கு முன்னாடியே ஒரு கவர் போடுங்க

செலவு கேக்கறது தீர்ப்பு அன்னைக்கு ஆரம்பிக்கற வேலை இல்லீங்க, வக்கீல் நோட்டீஸ் அனுப்பற அன்னைக்கே ஆரம்பிக்குது. சிபிசி ஆர்டர் 20ஏன்னு ஒண்ணு இருக்குது, பலபேர் பாத்ததே இல்ல. கேஸுக்கு முன்னாடி அனுப்புன நோட்டீஸ் செலவு, அது சட்டப்படி அனுப்பியே ஆகோணும்னு இல்லாட்டியும் சரி, பிராது (கேஸ் போடற மனு) டைப் அடிச்ச செலவு, ரெக்கார்டு பாக்க கட்டுன கட்டணம், கோர்ட் மூலமா சம்மன் அனுப்பாம நாமளே கூட்டிட்டு வந்த சாட்சிக்கு ஆன செலவு, அப்பீலுக்கு தீர்ப்பு நகல் டிகிரி நகல் வாங்குன செலவு, இதெல்லாம் கேக்கலாம்னு பேர் போட்டே சொல்லுது.

ஒரு பழுப்பு கவர் வாங்கி மேல கேஸ் பேர் எழுதி வெச்சுக்கோங்க. தபால் ரசீது, டைப்பிங் சென்டர் பில்லு, சர்வேயருக்கு கட்டுனது, வக்கீல் கமிஷனருக்கு (எடத்த நேர்ல பாத்து அறிக்கை குடுக்க கோர்ட் அனுப்பற வக்கீல்) கட்டுன பீஸ் மெமோ, பேட்டா கட்டுன சலான், வக்கீலுக்கு பேங்க் வழியா அனுப்பின கணக்கு, எல்லாம் அதுக்குள்ள போகோணும். பொழி (வரப்பு எல்லை) பிரச்சனை, இட்டேரிய (தோட்டத்துக்கு போற வண்டித்தடம்) அடைச்சுட்டாங்கங்கற பிரச்சனை, கிணத்து பங்கு பிரச்சனை, இந்த மாதிரி தோட்டத்து கேஸ்லதான் கமிஷனரும் சர்வேயரும் வந்து அளந்துட்டு போறது நடக்கும், அதுலதான் காசும் கையிலயே போகும், ரசீது இல்லாம. கமிஷனருக்கு கட்டற பீஸ் கோர்ட் உத்தரவுல இருக்கும், அது டிகிரில ஏறும். சோத்துக்கும் காருக்கும் நீங்க குடுத்தது ஏறாது, சீட்டு இருந்தா கேட்டாவது பாக்கலாம்.

கோர்ட் பீஸ் கணக்கும் தெரிஞ்சுக்கோங்க. தமிழ்நாட்டுல பண கேஸுக்கு முன்ன 7.5 சதவீதம் இருந்தது, 2017 மார்ச்சுல இருந்து 3 சதவீதம். 10 லட்சம் கேட்டீங்கன்னா 30,000 கட்டோணும். இங்கதான் ஒரு எச்சரிக்கை: கோவத்துல அசல் 6 லட்சத்துக்கு மன உளைச்சல் 4 லட்சம் சேத்து 10 லட்சம் கேட்டு வெச்சீங்க, கோர்ட் 6 லட்சம்தான் டிகிரி குடுத்துச்சு, அப்ப செலவும் பெரும்பாலும் அந்த விகிதத்துலதான் வரும், 30,000ல 18,000தான் திரும்பும், மிச்சம் உங்க தலையில. எச்சா கேக்கறதுக்கு ஒரு விலை இருக்குதுங்க.

இன்னொண்ணு, சமாதானத்துக்கு எழுத்துல ஒரு வாய்ப்பு குடுங்க. "ஒறம்பரைக்காரங்க வெச்சு பேசிப் பாத்தோம், வரல"ன்னு வாயில சொல்றது கோர்ட்டுல நிக்காது. இத்தனை தேதிக்குள்ள இவ்வளவு குடுத்தா முடிச்சுக்கறோம்னு நோட்டீஸ்ல ஒரு பத்தி இருந்தா அது பின்னாடி செலவு பேசறப்ப ரொம்ப உதவும், கமர்சியல் கேஸ்ல சட்டமே அத பாக்கச் சொல்லுது, கீழ சொல்றேன்.

படி 2: கேஸ் ஓடறப்ப கிடைக்கற சின்ன சின்ன செலவு

வாய்தா மேல வாய்தா வாங்கற எதிராளிக்கு செக்‌ஷன் 35பி இருக்குது. அன்னைக்கு செய்ய வேண்டியத செய்யாம தேதி கேட்டா, அந்த நாளைக்கு நீங்க வந்து போன செலவ அவர் கட்டோணும்னு கோர்ட் உத்தரவு போடலாம். இதோட பலம் தொகையில இல்லீங்க, அடுத்த தேதியில அந்த காச கட்டுனாத்தான் அவர் கேஸ மேல நடத்தவே முடியும், பிரதிவாதியா இருந்தா டிபன்ஸ நடத்த முடியாது. அதனால 500 ரூபாய்தானேன்னு விட்டுராதீங்க. கட்டுனா ரசீது குடுத்து வாங்கிக்கோங்க, கட்டலைன்னா அடுத்த தேதியில உங்க வக்கீல் ஒரு மெமோ போட்டு ரெக்கார்டு பண்ணோணும். இப்படி கைக்கு வந்த காசு கடைசி டிகிரி செலவுல மறுபடி சேராது.

35ஏங்கறது தெரிஞ்சே போட்ட பொய் வழக்குக்கும் பொய் எதிர்வாதத்துக்கும் நஷ்டஈடு மாதிரி. கேக்க நல்லா இருக்குது, ஆனா உச்சவரம்பு 3,000 ரூபாய்தான், அப்பீல்லயும் இது கிடைக்காது. அஞ்சு வருஷம் ஒருத்தர பொய்க்கேஸ்ல அலைய விட்டதுக்கு 3,000ங்கறது அநியாயம்னுதான் நான் சொல்லுவேன், சுப்ரீம் கோர்ட்டே பல தடவ ஏத்தோணும்னு சொல்லியிருக்குது, சாதாரண கேஸுக்கு இன்னும் அதே தொகைதான்.

நடுவுல ராசியாயிட்டா கோர்ட் பீஸ விட்டுராதீங்க. லோக் அதாலத்துல முடிஞ்சாலும், மீடியேஷன்ல முடிஞ்சாலும் கட்டுன பீஸ் முழுசா திரும்ப வரும். ரெண்டு பேரும் வெளியில தாங்களாவே பேசி முடிச்சாக்கூட தமிழ்நாட்டு கோர்ட் பீஸ் சட்டம் 69ஏ படி திருப்பி கிடைக்கும்னு 2021ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணிருச்சு. அதுக்குன்னு தனியா கேக்கோணும், தானா வராது.

படி 3: தீர்ப்புக்கு முன்னாடியும் தீர்ப்பு அன்னைக்கும்

இதுதானுங்க முக்கியமான இடம், இங்க கோட்டை விட்டா பின்னாடி எடுக்கறது கஷ்டம்.

வாதம் முடியற கட்டத்துல மூணு காகிதம் உள்ள இருக்கோணும். ஒண்ணு வக்கீல் பீஸ் சர்டிபிகேட், அதுல வக்கீல் தான் வாங்குன பீஸ எழுதி கையெழுத்து போட்டிருக்கோணும், இல்லைன்னா அந்த சிவகிரிக்காரருக்கு விழுந்த கோடு உங்களுக்கும் விழும். ரெண்டு செலவுப் பட்டியல், கவர்ல இருக்கற ரசீதோட. மூணு, எதிராளி எப்படி நடந்துக்கிட்டாருன்னு ஒரு பக்கத்துக்குள்ள தேதிவாரியா ஒரு குறிப்பு: எந்த தேதில வாய்தா வாங்குனாரு, எந்த டாக்குமெண்ட மறைச்சாரு, எந்த கையெழுத்த இல்லைன்னு சொல்லி அப்பறம் எக்ஸ்பர்ட் ரிப்போர்ட்ல மாட்டுனாரு. நீதிபதி விருப்புரிமைய எத வெச்சு பயன்படுத்துவாரு? இத வெச்சுத்தான்.

தீர்ப்பு சொல்றப்ப "வித் காஸ்ட்"டா "வித்தவுட் காஸ்ட்"டான்னு கவனிங்க. பாதி ஜெயிச்சா விகிதாச்சார செலவு, குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினைன்னா பெரும்பாலும் அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்கு, ஜெயிச்சவர் பக்கமே மறைச்ச தப்பு இருந்தா அவருக்கு செலவு மறுக்கறதும் உண்டு. ரெண்டு பக்கமும் செலவு போட்டா ஒண்ணுல ஒண்ண கழிச்சுக்கலாம்.

டிகிரி தீர்ப்புல இருந்து 15 நாளைக்குள்ள எழுதோணும்னு சட்டம். காப்பி வந்த உடனே அடியில இருக்கற கட்டத்த பாருங்க, தீர்ப்பு பக்கங்கள அப்பறம் படிச்சுக்கலாம். கூட்டல் தப்பு, ஒரு ஐட்டம் விட்டுப் போச்சு, தீர்ப்புல செலவோடன்னு இருக்குது டிகிரில இல்ல, இப்படின்னா செக்‌ஷன் 152ல மனு போட்டு திருத்தலாம். செலவு மட்டும் வேணும்னு தனியா அப்பீல் போறது லேசுல நிக்காதுங்க, விருப்புரிமைல மேல் கோர்ட் தலையிடாது, கொள்கையே தப்பா போயிருந்தாத்தான். அதனாலதான் முன்னாடியே கேக்கச் சொல்றேன்.

வியாபார கேஸா? அப்ப விதி வேற, நல்ல விதி

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரங்க, கோயமுத்தூர் பம்ப் செட் பவுண்டரிக்காரங்க, கரூர் ஹோம் டெக்ஸ்டைல்காரங்க, நாமக்கல் லாரி பாடி கட்டறவங்க, சித்தெ நின்னு இத படிங்க. 3 லட்சமும் அதுக்கு மேலயும் மதிப்புள்ள வியாபாரத் தகராறு 2015ம் வருஷத்து கமர்சியல் கோர்ட்ஸ் சட்டத்துக்குள்ள வந்துரும். அவசர உத்தரவு தேவையில்லாத கேஸ்ல முதல்ல மீடியேஷன் போயே ஆகோணும், போகாம போட்ட பிராத நிராகரிச்சுருவாங்க. அந்த சட்டம் வந்தப்ப செக்‌ஷன் 35ஐயே மாத்தி எழுதிட்டாங்க, கமர்சியல் கேஸுக்கு மட்டும். 35ஏவோட 3,000 வரம்பும் இங்க கிடையாது.

புது 35ல என்ன பாக்கோணும்னு பட்டியலே இருக்குது: கேஸுக்கு முன்னாடியும் கேஸ் நடக்கறப்பவும் ரெண்டு பேரும் நடந்துக்கிட்ட விதம், முழுசா தோத்தாலும் ஒரு பகுதில ஜெயிச்சாரா, கேஸ இழுக்கறதுக்காக அற்பமா ஒரு கவுண்டர் கிளைம் (எதிர்வழக்கு) போட்டாரா, ஒருத்தர் நியாயமான சமாதான தொகை சொல்லி இன்னொருத்தர் காரணமில்லாம தட்டிக்கழிச்சாரா, அற்பமான வாதத்த வெச்சு கோர்ட் நேரத்த வீணடிச்சாரா. உத்தரவையும் பல விதமா போடலாம். இத்தனை பங்கு, இல்ல ஒரு குறிப்பிட்ட தொகை, இல்ல இந்த தேதில இருந்து ஆன செலவு மட்டும், இல்ல கேஸோட இந்த ஒரு கட்டத்துக்கு ஆன செலவு மட்டும், கேஸ் போடறதுக்கு முன்னாடி ஆன செலவு, செலவுத்தொகை மேல வட்டி, இத்தனையும் இருக்குது.

சட்டத்துலயே ஒரு உதாரணம் குடுத்திருக்காங்க. ஒருத்தர் ஒப்பந்தத்த மீறினதுக்கு பணமும் கேக்கறாரு, தனியா நஷ்டஈடும் கேக்கறாரு, பணம் வர வேண்டியது நிஜம், நஷ்டஈடு கேட்டது அற்பம், அப்ப பணம் ஜெயிச்ச அவர் மேலயே கோர்ட் செலவு போடலாம். நான் மேல சொன்ன 4 லட்சம் மன உளைச்சல் கதைய இதோட வெச்சு பாருங்க.

ஆக, நீங்க 9 லட்சம் வர வேண்டிய இடத்துல 8 லட்சத்துக்கு ஒத்துக்கறேன்னு மெயில் போட்டிருக்கீங்க, எதிராளி பதிலே சொல்லல, கடைசில கோர்ட் 9 லட்சம் குடுத்துருச்சு, அப்ப அந்த மெயில் தேதில இருந்து ஆன செலவு பூராவும் அவர் கட்டோணும்னு கேக்க உங்களுக்கு கையில ஆயுதம் இருக்குது. மெயில பிரிண்ட் எடுத்து கவருக்குள்ள போடுங்க.

படி 4: அப்பீல் போயிட்டாங்க, இப்ப நம்ம கைக்கு என்ன வரும்?

இங்கிலாந்து கோர்ட்டுல ஒரு பழக்கம் இருக்குது. செலவு யார் கட்டறதுன்னு தீர்ப்பு அன்னைக்கே முடிவாயிரும், எவ்வளவுங்கற முழுக்கணக்கு பாக்க மாசக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் ஜெயிச்சவர காக்க வைக்கக்கூடாதுன்னு ஒரு நியாயமான தொகைய முன்பணமா கட்டச்சொல்லி நீதிபதி உத்தரவு போடுவாரு, போடாம இருக்கத்தான் நல்ல காரணம் வேணும். நம்ம சிபிசில செலவுக்குன்னு இப்படி ஒரு முன்பணம் இல்ல. ஆனா டிகிரி பணத்துக்கு அதே வேலைய செய்யற சில கதவு இருக்குது.

முதல் கதவு ஆர்டர் 41. அப்பீல் போட்டாலே டிகிரி நின்னுராதுங்க, ஸ்டே தனியா வாங்கோணும். பண டிகிரின்னா அப்பீல் போறவர் தகராறுல இருக்கற தொகைய டெபாசிட் பண்ணோணும், இல்ல செக்யூரிட்டி குடுக்கோணும், செய்யலைன்னா ஸ்டே குடுக்கக்கூடாதுன்னு 41 ரூல் 1(3), ரூல் 5(5) சொல்லுது. எவ்வளவு டெபாசிட்டுங்கறது கோர்ட் முடிவு, பாதி கட்டச்சொல்றத நான் நிறைய பாத்திருக்கேன், முழுசும் உண்டு. ஜெயிச்ச நீங்க சும்மா இருக்கக்கூடாது. அப்பீல் நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே கேவியட் (எங்கள கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு முன்கூட்டியே குடுக்கற மனு) போட்டு வைங்க, ஸ்டே மனுல எதிர்மனு போட்டு "டெபாசிட்ல செலவுத்தொகையும் சேரோணும், அதுல இத்தனைய நாங்க எடுத்துக்க அனுமதி வேணும்"னு கேளுங்க. கோர்ட் எத பாக்கும்னா அப்பீல்ல சரக்கு இருக்குதா, பணத்த உங்க கையில குடுத்துட்டு அப்பறம் தீர்ப்பு மாறினா உங்ககிட்ட இருந்து திருப்பி வாங்க முடியுமா, உங்க தேவை என்ன. அதனால சொத்து ஜாமீனோ பேங்க் கேரண்டியோ குடுக்கத் தயார்னு சொன்னா சீக்கிரம் ஒத்துக்குவாங்க. எடுக்க அனுமதி இல்லாத பணத்த வட்டி வர்ற மாதிரி பேங்க்ல பிக்சட் டெபாசிட்ல போடச்சொல்லி கேளுங்க, சும்மா கோர்ட் கணக்குல கிடக்க விடாதீங்க.

எடுத்த பணத்த எப்படி செலவு பண்றதுங்கறதுலயும் நிதானம் வேணுமுங்க. அப்பீல்ல தீர்ப்பு மாறிருச்சுன்னா செக்‌ஷன் 144ல அவங்க திருப்பி கேப்பாங்க, வட்டியோட குடுக்கோணும். எடுத்த காச புள்ள கல்யாணத்துக்கு போட்டுட்டு அப்பறம் தோட்டத்து மேல கடன் வாங்கி கட்டுன ஒருத்தர நான் பாத்திருக்கேன்.

கடனாளி பக்கம் ஒரு தப்பு நினைப்பு இருக்குது, ஸ்டேக்காக டெபாசிட் கட்டிட்டா கடன் தீந்துருச்சு, வட்டி நின்னுருச்சுன்னு. 1968ல, ரெண்டு பக்கமும் ராமநாதன் செட்டியார்னே பேர் உள்ள ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, ஸ்டேக்கு நிபந்தனையா கட்டுன டெபாசிட் டிகிரிய தீத்ததா ஆகாது. ஜெயிச்சவருக்கு இது நல்ல செய்தி.

வட்டி எவ்வளவுன்னா, டிகிரிக்கு அப்பறம் அசலுக்கு சாதாரணமா 6 சதவீதம் வரைக்கும், வியாபாரக் கடனா இருந்தா ஒப்பந்த வட்டி வரைக்கும் போகலாம், செக்‌ஷன் 34. பாதிப் பணம் வந்துச்சுன்னா அத எதுல கழிக்கறது? டிகிரில வேற மாதிரி சொல்லாட்டி முதல்ல வட்டி, அப்பறம் செலவு, கடைசிலதான் அசல். 2006ல சுப்ரீம் கோர்ட் பெரிய பெஞ்ச் இத சொல்லியிருக்குது. கணக்கு போடறப்ப இந்த வரிசைய மாத்தி போட்டு நஷ்டப்படறவங்க அதிகம்.

சிறு தொழில்காரங்களுக்கு தனி வழி

எனக்கு ரொம்ப பிடிச்ச சட்டம் இது, நம்ம பக்கத்துக்காகவே எழுதுன மாதிரி இருக்கும். 2006ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டம். சோமனூர்ல தறி ஓட்டறவரோ, திருப்பூர்ல நிட்டிங் ஜாப் ஒர்க் பண்றவரோ, கணபதில லேத்து பட்டறை வெச்சிருக்கறவரோ, மைக்ரோ இல்ல ஸ்மால்னு உத்யம்ல (சிறு தொழிலுக்கான அரசு பதிவு) பதிஞ்சு இருந்தா, சரக்கு எடுத்தவர் எழுத்துல ஒப்பந்தம் இருந்தாக்கூட 45 நாளைக்கு மேல தவணை வெச்சுக்க முடியாது. தாண்டுனா ரிசர்வ் பேங்க் பேங்க் ரேட்டுல மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. வரலைன்னா இந்த மாதிரி பாக்கித் தகராறுகள தீக்கறதுக்குன்னே இருக்கற பெசிலிடேஷன் கவுன்சிலுக்கு போகலாம், கோயமுத்தூர்லயே ஒண்ணு இருக்குது, சென்னைக்கு ஓட வேண்டியதில்ல. ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடியே உத்யம் பதிஞ்சு வெச்சுக்கோங்க, தகராறு வந்தப்பறம் பதிஞ்சா அதுலயே வாதம் கிளம்பிரும்.

செக்‌ஷன் 19தான் இதுல உயிர். கவுன்சில் குடுத்த அவார்ட (அதாவது தீர்ப்ப) எதிர்த்து, சரக்கு வாங்குனவர் கோர்ட்டுக்கு போகோணும்னா அவார்டு தொகையில 75 சதவீதம் முதல்ல கட்டோணும். அசலும் வட்டியும் சேத்து 12 லட்சம் அவார்டுன்னா 9 லட்சம் கட்டுனாத்தான் மனுவையே எடுப்பாங்க. இது கட்டாயம்னு 2022லயும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்குது, தவணையில கட்ட வேணும்னா விடலாம். அதுக்கு அப்பறம் வர்ற வரிய பலபேர் படிக்கறதில்ல: வழக்கு முடியற வரைக்கும் அந்த 75 சதவீதத்துல நியாயமான ஒரு பங்க கோர்ட் சப்ளையருக்கு குடுக்கச் சொல்லோணும். நூல் கடைக்காரன் பாக்கி, ஈபி பில்லு, ஆளுக கூலின்னு உங்க நெருக்கடிய பேங்க் ஸ்டேட்மெண்டோட அபிடவிட்ல எழுதி, இத்தனை லட்சம் வேணும்னு மனு போடுங்க. போடாதவங்களுக்கு அந்த காசு பல வருஷம் கோர்ட்டுலயே கிடக்குது.

செக்கு, ஆக்சிடென்ட், குடும்பம்

செக் பவுன்ஸ் கேஸ்ல 2018 திருத்தத்துக்கு அப்பறம் ரெண்டு இடத்துல காசு வரும். செலாவணி முறிச்சட்டம் 143ஏல, குற்றத்த ஒத்துக்கலைன்னு எதிராளி சொன்னதுக்கு அப்பறம் செக் தொகையில 20 சதவீதம் வரைக்கும் இடைக்கால நஷ்டஈடு, 60 நாளைக்குள்ள கட்டோணும், காரணம் இருந்தா இன்னும் 30 நாள். இது தானா கிடைக்காது, கேஸ்ல முதல் பார்வைக்கு உண்மை இருக்குதா, அவர் பணநிலைமை என்னன்னு பாத்துத்தான் போடோணும்னு 2024ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 148ல, தண்டனை ஆகி அவர் அப்பீல் போனா, கோர்ட் போட்ட அபராதம் இல்ல நஷ்டஈட்டுல குறைஞ்சது 20 சதவீதம் டெபாசிட், விதிவிலக்கு குடுக்க காரணம் எழுதோணும். விடுதலை ஆயிட்டா வாங்குனத வட்டியோட திருப்பணும்.

மோட்டார் ஆக்சிடென்ட் அவார்டுல இன்சூரன்ஸ்காரங்களோ வண்டிக்காரரோ அப்பீல் போனா 25,000 இல்ல அவார்டுல பாதி, எது கம்மியோ அத கட்டியே ஆகோணும், ஸ்டே வேணும்னா ஹைகோர்ட் அதுக்கு மேல கட்டச்சொல்லும். அதுல இருந்து எடுக்க ட்ரிப்யூனல்ல மனு போடுங்க, சின்னப் புள்ளைங்க பங்கு மட்டும் பேங்க்ல நிக்கும்.

குடும்ப கேஸ்ல இந்து திருமணச் சட்டம் 24ல மாசச் செலவும் கேஸ் நடத்தற செலவும் சேத்து கேக்கலாம், சொந்த வருமானம் பத்தாத யாரும், புருசனோ பொண்டாட்டியோ. ரெண்டு பேரும் சொத்து வருமான அபிடவிட் போட்டே ஆகோணும்னு 2020ல இருந்து வந்துருச்சு, அதுல மறைச்சா மாட்டிக்குவாங்க. இங்க கேஸ் செலவுங்கறது ஜெயிச்சவருக்கு திருப்பித் தர்றது இல்லீங்க, நடத்தவே காசில்லாதவங்களுக்கு முன்னாடியே குடுக்கறது, பல அக்காமார் இது தெரியாமலேயே தாலிக்கொடிய அடகு வெச்சு வக்கீல் பீஸ் கட்டறாங்க.

சரக்கு வாங்கற வெளிநாட்டு பையரோட தகராறா?

திருப்பூர்க்காரங்களுக்கு ஒண்ணு. ஒப்பந்தத்துல லண்டன் கோர்ட்னு கையெழுத்து போட்டுட்டு அங்க கேஸ் வந்தா, அது அங்க இருக்கற சமாச்சாரம்னு விட்டுராதீங்க. அங்க தோத்தவர் மேல போடற செலவு பெருசா இருக்கும், நான் மேல சொன்ன முன்பணமும் சேரும். அந்த உத்தரவ சிபிசி 44ஏ படி நேரா நம்ம மாவட்ட கோர்ட்டுலயே நிறைவேத்தலாம், வெறும் செலவு உத்தரவா இருந்தாலும் செல்லும்னு 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. நாசிக்ல ஒரு கம்பெனி அப்படித்தான் மாட்டுச்சு.

படி 5: பணத்த வசூல் பண்றது

டிகிரில இருக்கற செலவும் டிகிரி பணம்தான், இ.பி. (டிகிரிய நிறைவேத்தச் சொல்லி போடற மனு) போடறப்ப அசல், வட்டி, செலவு மூணையும் தனித்தனி கட்டத்துல போடோணும், இ.பி. செலவையும் கேக்கோணும். 12 வருஷம் டைம் இருக்குதுன்னு நம்பி உக்காந்துராதீங்க, அதுக்குள்ள எதிராளி சொத்த மச்சான் பேருக்கு எழுதி வெச்சுருவாரு. ஆர்டர் 21 ரூல் 41ல சொத்து விவரத்த அவரே அபிடவிட்ல சொல்ல வைக்கலாம், பேங்க் அக்கவுண்ட் ஜப்தி பண்ணலாம். இ.பி.ய ஆறு மாசத்துல முடிக்கோணும்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்குது, இழுக்கறப்ப உங்க வக்கீல் அத எடுத்து காட்டட்டும்.

கோர்ட்டுல கட்டுன பணத்த எடுக்க செக் பெட்டிஷன், கூட ஆதார், பேங்க் பாஸ்புக், டிகிரி நகல். பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி விடுவாங்க, பிராதுல "பழனிச்சாமி"ன்னும் பாஸ்புக்ல "பழனிசாமி"ன்னும் இருந்து மூணு மாசம் அலைஞ்ச கேஸ் எனக்கே தெரியும்.

பல கேஸ் கடைசில டீக்கடையில முடியும், ஊர் பெரியவங்க முன்னாடி காசு கை மாறும். கட்டறவர் பக்கம் இருக்கீங்கன்னா கவனமா இருங்க, ஆர்டர் 21 ரூல் 2 படி அத கோர்ட்டுல பதியலைன்னா, குடுத்த காச இ.பி. கோர்ட் கணக்குலயே எடுத்துக்காது, மறுபடியும் கட்டச்சொல்லும். பதியச்சொல்லி மனு போட, காசு குடுத்த நாள்ல இருந்து உங்களுக்கு 30 நாள்தான் டைம். வாங்கறவர் பக்கம் இருந்தா, செலவும் வட்டியும் சேத்துத்தான் வாங்குனீங்களா, இல்ல அசல் மட்டுமான்னு ரசீதுல எழுதி, அப்பறமா கையெழுத்து போடுங்க.